ரஃபிளா, ஏரா, முழுக்கத் திரும்ப எழுதுவதா? பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளைத் தொகுப்பாக வெளியிடும் வழிகள்

2006 முதல் 2011 வரை, மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நானும் என் நண்பனும் பதினொரு ஃபிளாஷ் விளையாட்டுகள் செய்தோம். பிரவுசரில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய அடோபியின் மென்பொருள்தான் ஃபிளாஷ். படம் அவன், நிரல் நான். ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி, வாடிவாசலில் காளையின் திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தாங்க வேண்டிய ஒன்று, இன்னும் சில. சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் பையன்கள் அந்தக் காளை விளையாட்டை ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அதைச் செய்தது நான்தான் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷ் ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. பதினொன்றும் ஒரே நாளில் இருட்டாகிவிட்டன. இப்போது அவற்றை ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் பார்க்கிறோம். மூன்று வழிகளையும் கைப்படச் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதல் வழி ரஃபிள். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட திறமூல ஃபிளாஷ் எமுலேட்டர் இது, அதாவது ஃபிளாஷ் பிளேயரின் வேலையை அதைப் போலவே செய்யும் மென்பொருள். பழைய எஸ்டபிள்யூஎஃப் (முடிந்த ஃபிளாஷ் விளையாட்டு) கோப்பைத் தொடவே வேண்டாம், அப்படியே பிரவுசரில் ஓட்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலிருந்து ஃபிளாஷ் படைப்புகளைக் காட்டுவது இதை வைத்துத்தான். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் வருவதால் விற்கிற தொகுப்புக்குள் வைத்தாலும் தடையில்லை.

ஃபிளாஷின் நிரல் மொழிக்கு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்று பெயர். எங்கள் பதினொன்றில் எட்டு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2, மூன்று ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3. எட்டில் ஏழு, போட்ட உடனே ஓடின. அந்த இரவு எங்களுக்குத் தூக்கமே வரவில்லை. ரஃபிளில் பழைய 2-க்கான ஆதரவு நன்றாக முதிர்ந்திருக்கிறது, 3-க்கானது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். எங்கள் மூன்றில் இரண்டு ஓடின. காளை மட்டும் திணறியது.

எட்டாவதாக நின்றது ஆடுபுலி. அதன் சிக்கல் தமிழ். அந்தக் காலத்தில் நாங்கள் பாமினி எழுத்துருவில் எழுதினோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்திருக்கும் எழுத்துரு அது. தலைப்பு போன்ற நிலையான வரிகள் கோட்டு வடிவமாகவே கோப்புக்குள் பதிந்திருந்ததால் அழகாக வந்தன. ஆனால் ஆட்டம் நடக்கும்போது மாறுகிற வரிகள், அதாவது ‘புலி அடைபட்டது’, ‘ஆடு 5 போச்சு’ போன்றவை, ஆடுபவரின் கணினியில் உள்ள எழுத்துருவை நம்பியிருந்தன. பாமினி இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன. தமிழில் ஃபிளாஷ் செய்த யாருக்கும் இது வரும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வழி ஏர். ஃபிளாஷ் நிரலைத் தனிச் செயலியாக்கும் கருவி இது. அடோபி 2019-ல் இதை ஹார்மன் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது, அவர்கள் இன்னும் பராமரிக்கிறார்கள். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றுக்கும் செயலியாக்கலாம். காளை இதில் வெண்ணெய் போல ஓடியது. ஆனால் ஏருக்கு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 வேண்டும். என்னுடைய எட்டு விளையாட்டுகளின் நிரலையும் அதற்காக மாற்றி எழுத வேண்டும். அவ்வளவு உழைப்பைப் போடுவதென்றால் அதை இன்றைய கருவி ஒன்றிலேயே போடுவேன். எல்லாமே 3-ல் இருக்கிறவர்கள் வேண்டுமானால் ஏரைத் தயங்காமல் எடுக்கலாம்.

மூன்றாவது, முழுக்கத் திரும்ப எழுதுவது. நான் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் கருவியில் செய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: தமிழ் வேண்டுமென்றால் 2023-ல் வந்த 4-ஆம் பதிப்போ அதற்குப் பிறகோ எடுங்கள். 3-இல் ‘கொ’ எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். 4-இல் ஒழுங்காக வருகிறது.

திரும்ப எழுதுவதில் தொலைந்துபோவது கைப்பழக்கம். என் பழைய நிரலில் எல்லாமே ஃபிரேமுக்கு ஒரு தடவை நடக்கும்: வினாடிக்கு 30 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் காளையின் வேகத்தோடு ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டுவேன். கோடோவில் இயற்பியல் கணக்கு இயல்பாக வினாடிக்கு 60 தடவை. எண்களை அப்படியே கொண்டுபோனேன், காளை ஆட்டுக்குட்டி மாதிரி வெடுக்வெடுக்கென்று துள்ளியது. எண்களைச் சரிசெய்து காட்டினேன். நண்பன் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, “மாப்ள, இது நம்ம மாடு இல்லடா” என்றான். அவன் சொன்னது சரிதான். கடைசியில் கணக்கை மறுபடி 30-க்கே இறக்கி, படத்தை மட்டும் இடையிடையே நிரப்பி வரையச் செய்தேன். மூன்று வாரம் இதிலேயே போனது. அந்தத் துள்ளல் திரும்பி வந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். கியூப் எஸ்கேப் தொடரின் ஒன்பது விளையாட்டுகள் 2020-ல் ஒரே தொகுப்பாக, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வந்தன. சப்மெஷின் தொடரை அதன் ஆசிரியர் புதிதாகச் செய்து 2023-ல் ஒரே விளையாட்டாக வெளியிட்டார். அந்த உழைப்புக்கு முன்னால் தலை வணங்குகிறேன். ஆனால் பதினொரு சிறு விளையாட்டுக்கும் அதைச் செய்ய எங்கள் இருவருக்கும் ஆயுள் போதாது.

இன்னொன்று: எங்கள் மூன்று விளையாட்டுகளுக்கு ஒரு வெளிநாட்டுத் தளம் பணம் கொடுத்திருந்தது. தங்கள் முகவரியில் மட்டும் ஓடும்படி பூட்டும் போடச் சொன்னது. அந்தத் தளம் இன்று இல்லை, பூட்டு மட்டும் இருக்கிறது. மூல எஃப்எல்ஏ கோப்பும் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. முடிந்த கோப்பிலிருந்து நிரலை மீட்டெடுக்கும் ஜேபெக்ஸ் என்ற இலவச டீகம்பைலரால் பிரித்துத்தான் பூட்டை எடுத்தேன். உங்களுக்கும் இப்படி என்றால் முதலில் பழைய ஒப்பந்த மின்னஞ்சலைத் தேடி, உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கடை விஷயம். ஸ்டீமில் ஒரு தலைப்புக்கு 100 டாலர் கட்ட வேண்டும், வருமானம் 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பி வரும், விற்பனையில் கடையின் பங்கு 30 சதவீதம். சிறு விளையாட்டுகளை விற்கும் இன்னொரு தளமான இட்ச்சில் நுழைவுக் கட்டணம் இல்லை, தளத்தின் பங்கு எவ்வளவு என்பதை நாமே வைக்கலாம், வழக்கமாக 10 சதவீதம். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பதினான்கு நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பத்து நிமிட விளையாட்டுகளைத் தொகுத்து விற்பவருக்கு இது பெரிய விஷயம். அதனால் முதலில் இட்ச், பிறகு ஸ்டீம் என்று வைத்திருக்கிறோம்.

முடிவு இதுதான்: ஒன்பது விளையாட்டுகள் ரஃபிளில், தொடாமல், பழைய லோடிங் படத்தோடு சேர்த்து. கணினியில் நிறுவும் பொதியாகக் கொடுக்கிறோம், ஏனென்றால் பிரவுசரில் ஹிஸ்டரியைத் துடைத்தால் சேமித்த ஆட்டமும் சேர்ந்து போய்விடலாம். பொதி நூறு எம்பியைத் தாண்டுகிறது, உள்ளே இருக்கும் விளையாட்டுகள் மொத்தமே ஒன்பது எம்பிதான். பரவாயில்லை. ஆடுபுலியும் காளையும் மட்டும் கோடோவில், போனுக்கும் சேர்த்து. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடப்போவது போனில்தான், அவர்கள் கைக்குப் போகாத தொகுப்பை எனக்கு வெளியிட மனமில்லை.

பழைய மேடை, அதாவது ஆட்டம் நடக்கும் திரை, 550-க்கு 400 பிக்சல். போனைப் படுக்கவைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் கிடக்கிறது. நண்பன் இப்போது அந்த இடத்தில் அலங்காநல்லூர் கேலரியை வரைந்துகொண்டிருக்கிறான், ஒவ்வொரு தலையாக.