250 ஆம்ப்ஸ்னு வித்தாங்க, வந்தது 118: மல்டிபிராசஸ் வெல்டிங் மெஷின் வாங்கப் போறவங்க படிச்சிடுங்க

ரெண்டு மாசச் சம்பளம் போச்சு. வீட்டுப் பட்டறைக்கு மல்டிபிராசஸ் மெஷின் (பல வகை வெல்டிங்கை ஒண்ணே பண்றது) தேடிட்டு இருக்கிற வேற யாரும் இதே வலையில மாட்டக் கூடாதுன்னு கோபம் ஆறுறதுக்குள்ள எழுதறேன். எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன், முதல்ல என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்கங்க. வித்தது, பல விற்பனையாளர்கள் ஒரே இடத்துல கடை போடுற ஒரு ஆன்லைன் சந்தையில இருக்கிற ஒருத்தர். பேர் போடல. இதே மெஷின் வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி வேற வேற பேர்ல வருது, அதனால பேரை விட மெஷினை அடையாளம் தெரிஞ்சுக்கிறதுதான் முக்கியம்.

விளம்பரத்துல இருந்தது இதுதான்: கேஸ் மிக் (சுருள்ல இருந்து வயர் தானா வந்து உருகும், கேஸ் அதைக் காக்கும்), கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் (உள்ளே பவுடர் அடைச்ச வயர்), ஸ்டிக் (ராடு வெச்சு அடிக்கிறது), லிஃப்ட் டிக் (டங்ஸ்டன் முனையைத் தொட்டுத் தூக்கி ஆர்க் எழுப்பறது), அலுமினியம், அஞ்சும் ஒரே மெஷின்ல. 250 ஆம்ப்ஸ். வீட்டு 16 ஆம்ப் பிளக் போதும்.

நம்ப வெச்சது எதுன்னு சொல்லியே ஆகணும், ஏன்னா அதையேதான் இன்னைக்கும் அடுத்தவங்களுக்குக் காட்டிட்டு இருப்பாங்க. ரேட்டிங் பிளேட் (மெஷினோட அளவுகள் எழுதின தகடு) போட்டோவும் டியூட்டி சைக்கிளும் (10 நிமிஷத்துல எத்தனை நிமிஷம் நிக்காம ஓடும்ங்கிற சதவீதம்) கேட்டதுக்கு உடனே பதில் வந்தது: "250 ஆம்ப்ஸ்ல 60% சார், நாள் முழுக்க ஓட்டலாம்." கூடவே ஒரு வீடியோ. 6 மி.மீ. பிளேட் ரெண்டை டி வடிவத்துல நிறுத்தி ஒரே பாஸ்ல (ஒரே ஓட்டத்துல) ஃபில்லட், அதாவது மூலை வெல்ட். சத்தம் சீரா இருக்கு, ஸ்பேட்டர் (தெறிக்கிற உருகின துளி) இல்ல, பீடோட (வெல்ட் கோட்டோட) ரெண்டு ஓரமும் பிளேட்டோட நல்லா கலந்திருக்கு. அப்புறம் அதைக் குறுக்கே வெட்டி, தேய்ச்சு, ஆசிட் தடவி, மூலை வரைக்கும் உருகியிருக்கிறதையும் காட்டினாங்க. வெல்டிங் தெரிஞ்சவங்க கேட்கிற ஆதாரமே அதுதானே, அதைக் கையில கொடுத்துட்டாங்க. ரேட்டிங் பிளேட் போட்டோ மட்டும் "புது ஸ்டாக் வந்ததும் அனுப்பறோம்". அது வரவே இல்ல.

வீடியோவுல இருந்த மெஷின்ல கழட்டி மாட்டுற யூரோ டார்ச் (வயர் வெளியே வர்ற கைப்பிடி), பித்தளை கிளாம்ப், தடிமனான கேபிள். பெட்டியில வந்ததுல டார்ச் மெஷினோட நிரந்தரமா பிணைச்சது, கிளாம்ப் மெல்லிசுத் தகடு. முகப்புப் பேனலும் அதுல இருக்கிற திருகும் மட்டும்தான் ஒண்ணு. பின்னாடி ஒரு ஸ்டிக்கர்: மாடல் பேர், 230 வோல்ட், 250. டியூட்டி சைக்கிளைக் குறிக்கிற 'எக்ஸ்' வரிசையே கிடையாது.

டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டரை எர்த் கேபிள்ல மாட்டி, 3.2 மி.மீ. 6013 ராடு (இரும்புக்கான சாதாரண வெல்டிங் ராடு), திருகை முழுசா வெச்சு ஓட்டினா நிலையா நிக்கிறது 118 ஆம்ப்ஸ். (ஏசி மட்டும் அளக்கிற சாதாரண கிளாம்ப் மீட்டர் இதுக்கு உதவாது, இந்த மாதிரி இன்வெர்டர் வெல்டிங் மெஷின் வெளியில விடறது டிசி.) அந்த 118-லயே ஒரு ராடு முடிஞ்சு ரெண்டாவது பாதியில சூடு தாண்டிடுச்சுன்னு காட்டுற மஞ்சள் விளக்கு எரிஞ்சு ஆர்க் நின்னுடுது. டிஸ்பிளேல அப்பவும் 250-னுதான் காட்டுது. அது அளந்து காட்டுற எண்ணே இல்ல, திருகு எங்க நிக்குதோ அதுக்கு ஏத்த ஒரு எண்ணை எழுதிக் காட்டுது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டாலே இந்த 250 பொய்யின்னு தெரியும். வெல்டிங் பவர் சோர்ஸுக்கான ஐ.இ.சி. 60974-1 தரத்துல ஸ்டிக்குக்கு லோட் வோல்டேஜ் (வெல்டிங் ஓடும்போது இருக்க வேண்டிய வோல்ட்) 20 + 0.04 × ஆம்ப்ஸ், மிக்குக்கு 14 + 0.05 × ஆம்ப்ஸ், டிக்குக்கு 10 + 0.04 × ஆம்ப்ஸ். 250 ஆம்ப்ஸ் ஸ்டிக்னா 30 வோல்ட், அதாவது ஆர்க்ல மட்டும் 7500 வாட். இன்வெர்டர் 85% திறன்னு வெச்சா உள்ளே 8800 வாட்டுக்கு மேல போகணும். 230 வோல்ட்ல அது குறைஞ்சது 38 ஆம்ப்ஸ். பவர் ஃபேக்டர் திருத்தம் (மெயின்ஸ்ல இருந்து கரண்டைச் சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட்) இல்லாத மலிவு மெஷின்ல 50-ஐத் தாண்டும். 16 ஆம்ப் சாக்கெட் நிலையா தாங்கறதே 3680 வாட்தான். 118 ஆம்ப்ஸுக்கு இதே கணக்கைப் போடுங்க: 24.7 வோல்ட், ஆர்க்ல சுமார் 2900 வாட், உள்ளே சுமார் 3400 வாட். வீட்டு பிளக் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவுக்குத்தான் மெஷினைச் செஞ்சிருக்காங்க. மேல ஒட்டின எண் மட்டும் ரெண்டு மடங்கு.

இதை விடப் பெரிய அநியாயம் போலாரிட்டி, அதாவது டார்ச் பாசிட்டிவ்ல இருக்கா நெகட்டிவ்ல இருக்காங்கிறது. சாலிட் வயரும் கேஸும் போட்டு மிக் அடிக்கும்போது டார்ச் பாசிட்டிவ்ல இருக்கணும். கேஸ் இல்லாம ஓட்டுற ஃப்ளக்ஸ் கோர் வயருக்கு, ஈ71டி-ஜிஎஸ், ஈ71டி-11 மாதிரி வகைகளுக்கு, டார்ச் நெகட்டிவ்ல இருக்கணும். அதனால நேர்மையா செஞ்ச மெஷின்ல வயர் சுருள் அறைக்குள்ள ரெண்டு டெர்மினல் போல்ட் இருக்கும், இல்லன்னா முன்பக்கம் ஒரு குட்டை கேபிள் பிளக் தொங்கும், மாத்திக்கலாம். இதுல ரெண்டுமே இல்ல. டார்ச் நேரா பாசிட்டிவ்லயே பிணைச்சிருக்கு. ஆனா பெட்டிக்குள்ள இலவசமா வெச்சு அனுப்பின சுருள் எது? ஈ71டி-ஜிஎஸ்! நெகட்டிவ்ல ஓட வேண்டிய வயரைக் கொடுத்து, நெகட்டிவ்க்கு மாத்தவே முடியாத மெஷினையும் கொடுத்திருக்காங்க. அதை அப்படியே ஓட்டினா ஆர்க் படபடன்னு வெடிக்குது, வேலைப் பொருள் முழுக்க ஸ்பேட்டர் ஒட்டுது, பீடு மேடா நிக்குது, உள்ளே பொத்தல் பொத்தலா இருக்கு. அதுவும் ஜிஎஸ் வகை ஒரே பாஸுக்கான வயர், மெல்லிசு தகட்டுக்கு. தடிமனான பிளேட்ல பாஸ் மேல பாஸ் போடறதுக்கு 11 வகைதான் வேணும். வயரைத் தள்ளுற ஃபீடரும் அப்படியே: சாலிட் வயருக்கான வி பள்ளம் உள்ள பிளாஸ்டிக் ரோலர் மட்டும்தான். ஃப்ளக்ஸ் கோர் வயர் உள்ளே பவுடர் அடைச்ச மெல்லிய குழாய். அதுக்குப் பல்லு வெட்டின ரோலர் வேணும். வி ரோலர்ல வழுக்குது, வழுக்காம இருக்க இறுக்கினா குழாய் நசுங்குது, டார்ச் முனையில இருக்கிற டிப்ல போய் மாட்டிக்குது, ரோலர் பக்கம் வயர் கூடு கட்டிடுது.

லிஃப்ட் டிக்னு போட்டது ஒரு சுவிட்ச் மட்டும். உண்மையான லிஃப்ட்ல டங்ஸ்டன் பொருளைத் தொடும்போது மெஷின் கரண்டை அடக்கி வைக்கும், தூக்கினதும்தான் ஏத்தும். இதுல தொட்டவுடனே முழு கரண்ட் பாயுது, டங்ஸ்டன் முனை ஒட்டி உடையுது. டிக் டார்ச் கொடுக்கல, டிக்குக்கு கேஸ் வெளியே வர வழியும் இல்ல, அதனால கைப்பிடியில வால்வு இருக்கிற டார்ச் தனியா வாங்கணும். சுத்த ஆர்கான் சிலிண்டரும் தனி. மிக்குக்கு வெச்சிருக்கிற கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸை டிக்ல விட்டா டங்ஸ்டன் கருகிப் போயிடும். இது எதையும் விளம்பரம் சொல்லல.

அலுமினியம்னு போட்டது பச்சைப் பொய். அலுமினியம் 660 டிகிரியில உருகும், அது மேல இருக்கிற ஆக்சைடு தோல் 2000 டிகிரிக்கு மேலதான் உருகும். டிக்ல அந்தத் தோலை உடைக்க ஏசி வேணும், இந்த மெஷின் டிசி மட்டும். மிக்ல அடிக்கணும்னா சுத்த ஆர்கான், யூ பள்ள ரோலர், டெஃப்லான் லைனர் (டார்ச் கேபிளுக்குள்ள வயர் போற குழாய்), முடிஞ்சா டார்ச்லயே சுருள் வெச்ச ஸ்பூல் கன் வேணும். கழட்டவே முடியாத டார்ச்ல ஸ்பூல் கன்னை எங்க மாட்டுறது?

எர்த் கேபிளைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. நுனியைச் சுரண்டினா வெள்ளையா இருக்கு, செம்பு பூசின அலுமினியம். ரெண்டு ராடுக்குள்ள கை வெக்க முடியாத சூடு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வயித்தெரிச்சல். முதல் பதில்: "உங்க வீட்டு வோல்டேஜ் குறைவு சார்." வெல்டிங் ஓடும்போதே சாக்கெட்ல அளந்த 222 வோல்ட்டை போட்டோவோட அனுப்பினா அதுக்குப் பதில் இல்ல. அடுத்தது: "வயர் தரமில்லாதது." அது அவங்க பெட்டியில வந்த வயர். அடுத்தது: "புதுசா கத்துக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும், பழகப் பழக சரியாகிடும்." கிளாம்ப் மீட்டர் காட்டுற 118-க்கும் கைப்பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அளவு, வீடியோ, போட்டோ எல்லாம் கையில இருக்கு, ரெண்டு மாசச் சம்பளத்தை வாங்கி வெச்சிட்டு இப்படி ஒரு பதில்.

சந்தையோட வாடிக்கையாளர் சேவை வேற விதம். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து வீடியோ. ரிட்டர்ன் எடுக்க வந்தவர் "பயன்படுத்தின பொருள்"னு சொல்லி எடுக்காம போயிட்டார். வெல்டிங் மெஷினை ஆன் பண்ணாம ஆம்ப்ஸ் எப்படித் தெரியும்? அதைக் கேட்டதும் புகார் "தீர்க்கப்பட்டது"ன்னு தானா மூடிடுச்சு. மறுபடி திறந்தப்போ ரிட்டர்ன் காலம் முடிஞ்சிடுச்சுன்னு பதில்.

கடைசியா விற்பனையாளர் எழுதினதை அப்படியே தர்றேன்: "250 என்பது மாடல் பேர் சார், ஆம்ப்ஸ் இல்லை." முதல் நாள் "250 ஆம்ப்ஸ்ல 60%"னு எழுதினதும் இதே ஆள்தான். பழுதுன்னா சர்வீஸுக்கு நம்ம செலவுல அனுப்பணுமாம், போர்டுக்கு வாரண்டி கிடையாதாம். இன்வெர்டர்ல போர்டை விட்டா மிச்சம் ஃபேனும் தகரப் பெட்டியும்தான். ரெண்டு மாசச் சம்பளத்துக்கு அந்தத் தகரப் பெட்டிதான் மிச்சம்.

எப்படி வாங்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்ப பொறுமை இல்ல. அவசரமா சிலது மட்டும்.

ரேட்டிங் பிளேட் போட்டோ வராம பணம் கட்டாதீங்க. அதுல 'எக்ஸ்' சதவீதமும் அதுக்கு நேரா ஆம்ப்ஸும் வோல்ட்டும் இருக்கணும். 10 நிமிஷத்துல எத்தனை நிமிஷம் ஓடும்ங்கிறதுதான் அது, 40 டிகிரி சூட்டுலயான்னும் கேளுங்க. 3 மி.மீ. பைப்பு, 5 மி.மீ. ஆங்கிள் அளவு வேலைக்கு நிஜமான 160 ஆம்ப்ஸ், 20-லிருந்து 30% போதும், 250-க்கு ஆசைப்பட வேண்டாம்.

சுருள் அறைக் கதவைத் திறந்து வெச்ச போட்டோ கேளுங்க. போலாரிட்டி மாத்துற டெர்மினல் கண்ணுல படணும். ரோலர் உலோகமா, 5 கிலோ சுருள் உட்காருமான்னும் அதுலயே தெரிஞ்சிடும். 1 கிலோ சுருள் மட்டும் பிடிக்கிற மெஷின்ல வயர் செலவு கிலோவுக்கு ரொம்பக் கூடும்.

யூரோ டார்ச் இல்லன்னா விட்டுடுங்க. "அலுமினியம் டிக்"னு போட்டு ஏசி இல்லன்னா அந்தப் பக்கத்தையே மூடிடுங்க.

பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க. அன்னைக்கே டிசி கிளாம்ப் மீட்டர் போட்டு முழு கரண்ட்ல அளந்திடுங்க, மீட்டர் இல்லன்னா பக்கத்துப் பட்டறையில இரவல் கேளுங்க. விற்கிறவர் சொல்ற ஆம்ப்ஸ், டியூட்டி சைக்கிள் எல்லாத்தையும் சந்தையோட சாட்லயே எழுத்துல வாங்குங்க, போன்ல பேசினது செல்லாது.

இன்னொண்ணு, இன்னைக்கு காலையில வந்தது: "புகாரை நீங்களே மூடிட்டா கால் பங்கு பணம் தர்றோம் சார்." மூடாதீங்க. வாடிக்கையாளரே மூடின புகாரைத் திரும்பத் திறக்க முடியாதுன்னு அவங்க விதிமுறையிலயே போட்டிருக்கு, அந்தக் கால் பங்கு வரும்னு எழுத்துல ஒரு வரி கேட்டதுக்கு இது வரைக்கும் பதில் இல்ல.