ஒரு வாளி வெந்நீர் என்ன விலை? ராமநாதபுரம் கடலோர வீட்டுக்கு ஒரு கணக்கு

எங்கள் பக்கம் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ராமேசுவரம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டில் வெந்நீர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தை முடிந்து கரண்ட் பில் வரும்போது பஞ்சாயத்தும் கூடவே வரும். வாளியில் முக்கிச் சூடாக்கும் ராடு போதும் என்பார் ஒருவர், கீசர் வாங்கு என்பார் இன்னொருவர். சோலார் போட்டுவிடு என்று மச்சான் சொல்வார். பேசாமல் கேஸிலேயே காய்ச்சலாமே என்பார் அம்மா.

இதில் எது மலிவு என்று கேட்டால், உங்கள் மீட்டர் இரண்டு மாதத்தில் எங்கே போய் நிற்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அடுத்த கேள்வி, உங்கள் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது.

ஐந்நூறாவது யூனிட்

2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். மானியம் போக நாம் கையிலிருந்து கட்டுவது: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. தாண்டிய யூனிட்டுக்கு 8.40, 600-க்கு மேல் 9.45 என்று ஏறுவது ஒரு பக்கம். 101 முதல் 200 வரை இருந்த 2.35 சலுகையும் போய் அது 4.70 ஆவது இன்னொரு பக்கம். 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டுக்கு மட்டும் 243 ரூபாய்!

அறுபது நாளுக்கு 500 என்றால் நாளுக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும். இந்த எட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ராடு, கீசர், கேஸ்

ஒரு வாளி இருபது லிட்டர் என்று வைப்போம். மார்கழியில் குழாய்த் தண்ணீர் 25 டிகிரி வாக்கில் இருக்கும். குளிக்க 40 டிகிரி தாராளம். இந்த 15 டிகிரியை ஏற்றத் தேவையான மின்சாரம் 0.35 யூனிட். 1500 வாட் ராடு அதைக் கால் மணி நேரத்தில் முடிக்கும். 3000 வாட் உடனடி கீசர் ஏழு நிமிடத்தில் முடிக்கும். இரண்டும் தின்பது ஒரே அளவுதான். "மூவாயிரம் வாட்டா, மீட்டர் பிய்த்துக்கொண்டு ஓடுமே" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. வேகமாக ஓடும்தான், ஆனால் பாதி நேரத்தில் நின்றும்விடும். அந்த கீசருக்குக் கவலைப்பட வேண்டியது வயரிங் பற்றித்தான். 13 ஆம்பியர் இழுக்கும் சாதனத்தைப் பழைய வீட்டின் மெல்லிய வயரில் மாட்டினால் பிளக் கருகும்.

வித்தியாசம் வருவது வீணாவதில். ராடைப் போட்டுவிட்டுக் கோலம் போடப் போனால் வாளி கொதித்துக்கொண்டிருக்கும். சேமிப்புக் கீசரைக் காலையில் போட்டு மத்தியானம் வரை மறந்தால், ஆற ஆற அது திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். உடனடி கீசரில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அதோடு ஷவரைச் சேர்த்து மாட்டினால் ஒரு வாளியில் முடிய வேண்டிய குளியல் மூன்று வாளிக்குப் போய்விடும். என் ஓட்டு உடனடி கீசர், வாளிக் குளியல், இந்த ஜோடிக்குத்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கிளம்பும் கூட்டுக் குடும்பம் என்றால் சேமிப்புக் கீசர் பரவாயில்லை.

ராடு விலை குறைவு, சரி. ஆனால் இங்கே உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைவிட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் வாளியில் கை வைக்க வேண்டும். ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில், ராடு வேண்டவே வேண்டாம் என்பேன்.

இனி காசுக்கு வருவோம். நாலு பேர் வீடு, ஆளுக்கு ஒரு வாளி. நாளுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில் இது 384 ஆகும். வெந்நீர்ச் செலவு 395 ரூபாய். 450 ஓடும் வீட்டில் இதே 84 சேர்ந்தால் 534. பில் 1,490-இலிருந்து 2,325-க்குப் போகும். அங்கே அதே வெந்நீரின் விலை 835.

கேஸ் எங்கே நிற்கிறது? 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். நல்ல அடுப்பு அதில் 68 சதவீதம் அளவுக்குப் பாத்திரத்தில் சேர்க்கும். அந்த 84 யூனிட் வெந்நீருக்கு சிலிண்டரில் மூன்றில் இரண்டு பங்கு போகும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 615 ரூபாய் வருகிறது. முதல் வீட்டில் கேஸில் காய்ச்சுவது நஷ்டம், இரண்டாவது வீட்டில் லாபம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனை உங்கள் வீட்டில் பலிக்காமல் போவது இதனால்தான்.

இண்டக்ஷன் அடுப்புக்கும் இதே கதை. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்ஷனில் செய்ய ஏறத்தாழ 145 யூனிட் ஆகும். 4.70 படியில் 680 ரூபாய், 8.40 படியில் 1,200-ஐத் தாண்டும்.

விறகும் சோலார் ஹீட்டரும்

விறகை இந்த ஒப்பீட்டில் விட்டுவிட முடியாது. சாயல்குடி, கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடும் அளவுக்குச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கடலோரத்தில் பனை மட்டையும் தென்னை மட்டையும் சும்மா கிடைக்கும். விடியலில் கடலிலிருந்து வருகிறவருக்குக் கொல்லைப்புறத்து மூன்று கல் அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் தயாராக இருக்கும் வீடுகள் இன்னமும் உண்டு. காசு மிச்சம், கண்ணெரிச்சல் இலவசம். வீட்டுக்குள் வைத்து எரிக்கக் கூடாது. திறந்த கொல்லை இருக்கிறது, எரிக்க ஆள் இருக்கிறது என்றால் இதை அடிக்க எதுவும் இல்லை; மாடி வீட்டுக்கு இது பேச்சுக்குக்கூட உதவாது.

சோலார் வாட்டர் ஹீட்டரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கருவி மேல் குறை ஒன்றுமில்லை, நம் ஊருக்குத்தான் அது ஒட்டாது. சித்திரையில் வெயில் கொளுத்தும். அப்போது மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்கே மத்தியானம் மூன்று மணிக்குக் கை வைக்க முடியாத தண்ணீரைக் கொடுக்கிறது. வெந்நீர் வேண்டியது ஐப்பசி முதல் தை வரை. நமக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். வானம் மூடிக் கிடப்பதும் அதே மாதங்களில்தான். மூடாக்கு நாளில் உள்ளே இருக்கும் துணை ஹீட்டரைப் போட்டுத்தான் குளிக்க வேண்டும். ஊட்டியிலோ ஓசூரிலோ இருப்பவர் சொல்லும் மிச்சக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விடுதி, கல்யாண மண்டபம், யாத்ரீகர் தங்கும் இடம் என்றால் வேறு விஷயம். ஆண்டு முழுக்க வெந்நீர் கேட்கிற இடத்தில் போட்ட காசு திரும்பும்.

மீறிப் போடத்தான் போகிறீர்கள் என்றால் கண்ணாடிக் குழாய் வகையா, செம்புத் தகடு வகையா என்று கேட்பார்கள். போர் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய்தான். செம்பு வகையின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

உப்பு வாங்கும் வாடகை

போர் தண்ணீரில் ஓடிய கீசரின் எலிமெண்டை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒன்றைக் கழற்றியபோது விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. திருப்புளியால் தட்டத் தட்ட ஓடு ஓடாக விழுந்தது. "அண்ணே, இது கீசரா, சுண்ணாம்புக் காளவாயா?" என்றான் கூட வந்த பையன். அந்தப் பொருக்கு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. எலிமெண்ட் உள்ளுக்குள்ளேயே கொதித்து ஒரு நாள் தெறித்துவிடும்.

சேமிப்புக் கீசருக்குள் மக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும். டேங்கைத் துரு தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுப்பதே அதன் வேலை. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். அது முடிந்ததும் அடுத்த பலி டேங்க். வருடத்துக்கு ஒருமுறை எலிமெண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிற வீட்டுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குளிக்க ஊற்ற யாருக்கு மனசு வரும்?

கணக்குப் பார்க்க எது நல்லது

மூன்று வழி இருக்கிறது. நோட்டுப் புத்தகம், ஸ்மார்ட் பிளக், மெயின் போர்டில் மாட்டும் கண்காணிப்புக் கருவி. மூன்றாவது ஒவ்வொரு நொடியும் போனில் படம் வரைந்து காட்டும். அழகாக இருக்கும், ஒரு வாரம் பார்ப்பீர்கள், அப்புறம் மறந்துவிடுவீர்கள். நாலைந்து ஏசி ஓடும் வீட்டுக்கு வேண்டுமானால் சொல்லலாம்.

ஸ்மார்ட் பிளக் பழைய ஃபிரிட்ஜைக் கையும் களவுமாகப் பிடிக்க நல்லது. ஒன்று வாங்கினால் தெருவே மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கீசரில் மாட்டுவதானால் 16 ஆம்பியர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன வகை தாங்காது.

நான் சொல்வது நோட்டைத்தான். ரீடிங் எடுத்த தேதியை முதல் வரியில் எழுதுங்கள். வாரம் ஒருநாள், வெள்ளியோ ஞாயிறோ, மீட்டர் எண்ணைக் குறித்து முந்தின வாரத்ததைக் கழித்து ஏழால் வகுங்கள். எட்டுக்கு மேல் வந்தால் அந்த வாரம் என்ன நடந்தது என்று வீட்டில் கேளுங்கள். விருந்தாளி வந்திருப்பார்கள், அல்லது ஏசியைப் பதினெட்டில் வைத்துப் போர்வை போர்த்தித் தூங்கியிருப்பார்கள்.

ஒவ்வொரு சாதனத்தையும் தனியாகப் பார்க்க மீட்டரிலேயே வசதி இருக்கிறது. சிமிட்டும் சிவப்பு விளக்கின் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் போடுங்கள். 75 வாட் பழைய விசிறிக்கு நிமிடத்துக்கு நாலு சிமிட்டல். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு இரண்டு நிமிடத்துக்கு மூன்று. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால் செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் பேட்டரி என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் சுவரில் ஓதம் ஏறி வயரிங்கில் கசிவு இருக்கலாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

விசிறியும் ஏசியும்

வெந்நீரை இவ்வளவு அலசினாலும் ஆண்டு முழுக்கப் பில்லை ஏற்றுவது குளிர்ச்சிக்கான செலவுதான். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை பிஎல்டிசிக்கு மாற்றினால் இரண்டு மாதத்தில் நாற்பது யூனிட் மிச்சம். வெந்நீர்ச் செலவில் பாதி அது. வோல்டேஜ் குறையும்போதும் வேகம் விழாது. ஒரு குறை: சாதா விசிறி நின்றால் தெரு முனைக் கடையில் கண்டென்சர் மாற்றி ஓட்டிவிடலாம். இதில் சர்க்கியூட் போர்டு போனால் கம்பெனி ஆள் வர வேண்டும். பாம்பன் பாலம் தாண்டி வர அவர் நாள் பார்ப்பார். முழு நேரமும் ஓடும் விசிறிகளை மட்டும் மாற்றுங்கள்.

ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தோடு வெளி யூனிட்டின் துடுப்புகளுக்கு, அதாவது அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளுக்கு, பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்றில் அலுமினியத் துடுப்பு உதிர்ந்தால் ஐந்து நட்சத்திரமும் மூன்றாகிவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளி யூனிட்டைக் கழுவிவிடுவது நல்லது. போர் தண்ணீரால் கழுவிப் புண்ணியமில்லை.

கூரை மேல் பேனல்

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் நம் மாவட்டத்தில்தான் ஓடுகிறது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை என்று அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் கொடுக்கும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம்.

இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 480 யூனிட். இப்போது 350 யூனிட் ஓடும் தங்கச்சிமடத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பில்லே 940 ரூபாய்தான். என்ன செய்தாலும் அதற்கு மேல் மிச்சமாகாது. கீழக்கரையில் இரண்டு ஏசி ஓடும் மாடி வீட்டில் 800 யூனிட் என்றால் பில் 4,770. அதில் 480 போனால் 320 யூனிட்டுக்குக் கட்ட வேண்டியது 799 ரூபாய். ஒரே பேனல், முதல் வீட்டைப் போல நாலு மடங்குக்கும் மேல் சம்பாதிக்கிறது. முதல் வீட்டுக்கு இப்போதைக்கு இரண்டு பிஎல்டிசி விசிறியும் ஒரு நோட்டும் போதும்.

போடுகிறவர்கள் விலை பேசும் முன் கேட்க வேண்டியவை வேறு. பேனலுக்கு உப்புப் பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா? ஐஇசி 61701 என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். தாங்கும் சட்டம் அலுமினியமா, துத்தநாகத்தில் நன்றாக முக்கியெடுத்த இரும்பா? போல்ட்டும் நட்டும் எவர்சில்வரா? பாம்பன் பக்கக் காற்றைக் கணக்கில் எடுத்துத்தான் கால்களைக் கான்கிரீட்டில் பதிக்கிறார்களா? "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.