ஒரே நாள், ஒரே டிக்கெட்: அமெரிக்கச் சேலத்தில் சூனியமா, மிளகா?

அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. அவருக்கு ஆத்தூர் பக்கம். சேலம் என்றால் மாம்பழம், ஏற்காடு, வெள்ளிக் கொலுசு. பாஸ்டனிலிருந்து அரை மணி நேர ரயில்தான் என்றதும், "அப்ப நாளைக்கே போலாம்ப்பா, ஸ்டேஷன் போர்டு கிட்ட ஒரு போட்டோ எடுத்து நம்ம ஆளுங்களுக்கு அனுப்பணும்" என்று கிளம்பிவிட்டார். போட்டோ முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மீதி நாளை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு, ஏனென்றால் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நான் இந்த ஊருக்கு நாலைந்து முறை போய்விட்டேன், அதில் பாதி முறை காசைத் தவறான இடத்தில் கொட்டியிருக்கிறேன்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இரண்டு ஊர்களின் பெயருக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. மாசசூசெட்ஸ் சேலம் 1626-இல் ஆங்கிலேயர் குடியேறிய இடம். நம் தமிழ் பைபிளிலும் 'சாலேமின் ராஜா' என்று வருமே, அந்தச் சாலேம்தான் இது. சமாதானம் என்று பொருள். சமாதானம் என்று பெயர் வைத்த ஊரில், அறுபது சொச்சம் வருடத்தில், 1692-இல், பக்கத்து வீட்டுக்காரியைச் சூனியக்காரி என்று சொல்லித் தூக்கில் போட்டார்கள். இன்று அந்த ஊர் சோறு தின்பதும் பெரும்பாலும் அந்தக் கதையை வைத்துத்தான். போலீஸ் காரில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி படம், உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிக்கு அதே பெயர், கடைத்தெரு முழுக்கக் கூம்புத் தொப்பி.

ரயிலை விட்டு இறங்கியதும் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயமே இதுதான்: 1692-ஐக் காசு கொடுத்துப் பார்ப்பதா, காசில்லாமல் பார்ப்பதா?

காசு கொடுத்துப் பார்க்கும் இடங்கள் நிறைய. இருட்டு அறை, ஆளுயரப் பொம்மைகள், சிவப்பு விளக்கு, ஒலிபெருக்கியில் கரகரத்த குரல் என்று ஏறக்குறைய ஒரே வார்ப்புதான். என் பையனுக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பிடித்திருந்தது. ஏழெட்டு வருடம் முன்பு நான் முதலில் போன ஒரு கூடத்தில், பெயர் வேண்டாம், நாற்பது நிமிடம் வரிசையில் நின்று இருபது நிமிடம் பொம்மை பார்த்துவிட்டு நேரே பரிசுப்பொருள் கடைக்குள் தள்ளப்பட்டேன். பொருட்காட்சியில் பேய் வீடு பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் மழை நாளாக இருந்து, கூட வருபவர்களுக்கு 1692 பற்றி ஒன்றுமே தெரியாது என்றால், கதையை வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள், அந்த அளவுக்குப் பயன் உண்டு.

காசில்லாத பக்கம், சார்ட்டர் தெருவில் 1637-லிருந்து இருக்கும் பழைய இடுகாட்டை ஒட்டிய நினைவிடம். சூனிய வழக்குகள் நடந்து முந்நூறு ஆண்டு ஆனபோது 1992-இல் திறந்தார்கள். இடம் சின்னது, அவசரமாக நடந்தால் பூங்கா என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள். மூன்று பக்கமும் இடுப்பளவுக் கருங்கல் சுவர், அந்தச் சுவரிலிருந்து நம் வீட்டுத் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இருபது கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த விதம், தேதி, அவ்வளவுதான். பிரிட்ஜெட் பிஷப், தூக்கு, ஜூன் 10, 1692. இப்படிப் பத்தொன்பது தூக்கு. இருபதாவது கைல்ஸ் கோரி. எண்பது வயதை ஒட்டிய கிழவர், குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, இந்த நீதிமன்றத்துக்குப் பதிலே சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். படுக்கவைத்து மேலே பாறைகளை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள்.

நுழையும்போது கீழே பாருங்கள், பலர் பார்க்காமல் மிதித்துப் போகிறார்கள். வாசல் கற்களில் அந்த ஆட்கள் நீதிமன்றத்தில் 'நான் குற்றமற்றவள்' என்று கதறிய வார்த்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள், அவை பாதி வாக்கியத்தில் சுவருக்கு அடியில் போய் மறைந்துவிடுகின்றன. யாரும் காதில் வாங்கவில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது! அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூடவே இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சேலத்தில் யாரையும் தீ வைத்துக் கொளுத்தவில்லை. அது ஐரோப்பாவில் நடந்தது, கூட்டத்தில் பாதிப்பேர் அதைக் கலந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தூக்குப் போட்ட இடமும் நினைவிடம் இருக்கும் இடம் அல்ல. அது ஊரின் மேற்கே, ப்ராக்டர்ஸ் லெட்ஜ் என்ற பாறைச் சரிவு. அதுதான் இடம் என்று ஆய்வாளர்கள் 2016-இல் உறுதி செய்து, 2017-இல் அங்கே ஒரு சிறு நினைவுச் சுவர் கட்டினார்கள். முன்னால் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை, சுற்றிலும் வீடுகள், குப்பைத்தொட்டி. நாடகமே இல்லாத இடம், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆனால் கடைத்தெருவிலிருந்து இருபது இருபத்தைந்து நிமிட நடை, முட்டி வலி உள்ளவர்களை இழுத்துப் போகாதீர்கள்.

நடுவில் ஒரு சமரசம் வேண்டுமென்றால் எஸ்ஸெக்ஸ் தெருவில் 'விட்ச் ஹவுஸ்' இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது சூனியக்காரி வீடு அல்ல, நீதிபதிகளில் ஒருவரான ஜோனதன் கார்வின் வீடு. வழக்கோடு நேரடித் தொடர்புள்ள கட்டடம் என்று சேலத்தில் இன்று நிற்பது இது ஒன்றுதான். கறுப்பு மரச்சுவர், செங்குத்துக் கூரை, தாழ்வான அறைகள். அரை மணி நேரம் போதும், பொம்மைக் கூடத்துக்கு இது எவ்வளவோ மேல். கையில் கார் இருந்தால் பக்கத்து ஊர் டான்வர்ஸ் போகலாம். அன்றைய 'சேலம் கிராமம்' அதுதான், விவகாரம் தொடங்கியதே அங்கேதான், தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸ் வாழ்ந்த பண்ணை வீடும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கக் கிளம்பினால் இரண்டும் அரைகுறை.

ஆக, சூனியத்தை இலவசமாகவே பார்த்துவிட்டோம், டிக்கெட் காசு மிச்சம். அதை எங்கே செலவழிப்பது? போட்டி பீபடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்துக்கும் ஏழு முகட்டு வீட்டுக்கும்தான்.

ஏழு முகட்டு வீடு ('ஹவுஸ் ஆஃப் த செவன் கேபிள்ஸ்') 1668-இல் ஜான் டர்னர் என்ற கப்பல் வணிகர் கடலோரமாகக் கட்டியது. நதானியேல் ஹாதார்ன் 1851-இல் எழுதிய நாவலால் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்தவர், சூனிய வழக்கு நீதிபதி ஜான் ஹாதார்னின் வழிவந்தவர். தன் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்குள் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் செருகிக்கொண்டார், அந்தத் தாத்தாவின் நிழல் வேண்டாமென்றுதான் என்று ஒரு பேச்சு உண்டு. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். புகைபோக்கியை ஒட்டி ஓர் ஒளிவுப் படிக்கட்டு உண்டு, தோள் இடிக்கும் அளவு குறுகல், பையன் கையில் சிக்காமல் ஓடினான், அப்பா கீழேயே நின்றுகொண்டார். அது ஆதிகாலத்துப் படி என்று நினைத்துவிடாதீர்கள். 1908-இல் வீட்டை வாங்கிய கரோலைன் எமர்ட்டன் என்ற பெண்மணி, நாவல் படித்துவிட்டு வருபவர்களுக்காகப் புதுப்பித்தபோது சேர்த்தது. வசூலான பணத்தில் அக்கம்பக்கத்தில் குடியேறிய ஏழை வெளிநாட்டவர்களுக்கு வகுப்பும் உதவியும் நடத்தினார். இந்தக் கதை எனக்கு நாவலைவிடப் பிடிக்கும். தோட்டமும் துறைமுகம் பார்த்தபடி அழகு. ஆனாலும் நாவலைப் படிக்காதவருக்கு ஒரு பணக்கார வீடு பார்த்த திருப்திதான் மிஞ்சும்.

பீபடி எஸ்ஸெக்ஸ் வேறு கதை. 1799-இல் சேலம் கப்பல் தலைவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். நன்னம்பிக்கை முனையையோ தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையோ சுற்றிப் போய் வந்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம். போன ஊர்களில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து ஒரு மண்டபத்தில் அடுக்கினார்கள், அந்த அலமாரி வளர்ந்து வளர்ந்துதான் இந்த அருங்காட்சியகம். இந்த ஊர்க் கப்பல்கள் எங்கெங்கே போயின என்பது தெரிந்தால்தான் இந்த ஊர் புரியும். ஜோனதன் கார்ன்ஸ் என்ற தலைவர் 1797-இல் சுமாத்ராவிலிருந்து கப்பல் நிறைய மிளகோடு திரும்பினார், கொள்ளை லாபம், எங்கே வாங்கினார் என்று மூச்சுவிடவில்லை. அப்புறம் ரகசியம் வெளியாகி ஊரே மிளகுக்குப் பின்னால் ஓடியது. நகர முத்திரையில் இன்றைக்கும் சூனியக்காரி கிடையாது, குடை பிடித்து நிற்கும் ஒரு சுமாத்ராக்காரர்தான் இருக்கிறார், கீழே லத்தீனில் 'செல்வமிக்க இந்தியாவின் கடைக்கோடித் துறைமுகம் வரை' என்ற பொருளில் ஒரு வாசகம். அவர்களுக்கு அப்போது கிழக்கு முழுதும் இந்தியாதான்.

அந்த வழியில் மதராசும் இருந்தது. வில்லியம் பென்ட்லி என்ற சேலம் பாதிரியார் தினமும் நாட்குறிப்பு எழுதியவர். 1790 டிசம்பர் கடைசியில், மதராசிலிருந்து வந்த ஒருவரை முதல்முறை பார்த்ததாகக் குறித்திருக்கிறார்: நல்ல கறுப்பு நிறம், நீண்ட கருங்கூந்தல், மென்மையான முகம், உயரம். கப்பலில் வந்த அந்த மனிதரின் பெயர் அங்கே இல்லை. டிசம்பர் மாத நியூ இங்கிலாந்துக் குளிரில் அவர் என்ன உடுத்தியிருப்பார் என்பதுதான் அப்பாவின் கவலை.

அருங்காட்சியகத்துக்குள் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் யின் யூ தாங் பாருங்கள். சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஹுவாங் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, இருநூறு வருடத்து வணிகர் வீடு. அதை அப்படியே பிரித்துக் கடல் கடந்து கொண்டுவந்து திரும்பப் பூட்டி 2003-இல் திறந்தார்கள். பதினாறு படுக்கையறை, நடுவே வானம் பார்த்த முற்றம், முற்றத்தில் மீன் தொட்டி. உள்ளே கால் வைத்ததும் அப்பா, "இது நம்ம தொட்டிக்கட்டு வீடுப்பா!" என்றார். மழைத் தண்ணீர் எங்கே இறங்கும், சமையல் புகை எப்படி வெளியேறும் என்று ஒவ்வொரு தூணாகத் தடவாத குறையாகப் பார்த்து, பையனுக்குத் தன் பாட்டி வீட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார். இருபது டாலருக்கு மேல் கொடுத்த டிக்கெட் அந்த முற்றத்திலேயே செரித்துவிட்டது. இந்தியக் கலைக்கும் தனிக் காட்சி உண்டு, ஹெர்விட்ஸ் தம்பதி சேர்த்த நவீன இந்திய ஓவியங்கள் இங்கேதான் வந்து சேர்ந்தன. வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். என் ஓட்டு சந்தேகமில்லாமல் இதற்கே.

சாயங்காலத்துக்கு டெர்பி வார்ஃபா, வில்லோஸா? குழந்தைகள் அதிகமென்றால் வில்லோஸ். 1801-இல் அம்மை மருத்துவமனை நோயாளிகள் உலாவுவதற்காக நட்ட வில்லோ மரங்களின் பெயரில் இருக்கும் கடற்கரைப் பூங்கா, பாப்கார்ன், விளையாட்டு இயந்திரங்கள், பன்னுக்குள் சாப் சூயி திணித்து விற்கும் ஒரு விநோதப் பண்டம். மற்றவர்களுக்கு டெர்பி வார்ஃப். கடலுக்குள் ஏறக்குறைய அரை மைல் நீளும் பழைய கப்பல் மேடை, நுனியில் 1871-இல் கட்டிய குட்டிக் கலங்கரை விளக்கம், கரையில் தங்கக் கழுகு வைத்த சுங்க அலுவலகம், ஹாதார்ன் வேலை பார்த்தது அங்கேதான். 1938-இல் அமெரிக்காவின் முதல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்த இடம் இது, நடக்கக் கட்டணம் இல்லை. காற்று மட்டும் காதை அறுக்கும், ஜூன் மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

எப்போது, எப்படிப் போவது என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அக்டோபர் வேண்டாம். நாற்பத்து நாலாயிரம் பேர் வாழும் ஊருக்கு அந்த ஒரே மாதத்தில் பத்து லட்சம் பேர் வருகிறார்கள். ஒரு அக்டோபர் சனிக்கிழமை காரில் போய், வண்டி நிறுத்த இடம் தேடியே ஒன்றரை மணி நேரம் சுற்றி, கடைசியில் சேலத்தில் கால் வைக்காமலே வீடு திரும்பியவன் நான். வேடமணிந்த கூட்டம்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் போகலாம், ரயிலில். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம், இறங்கினால் எல்லாமே நடை தூரம். கோடையில் படகும் ஓடும், ஒரு மணி நேரம் ஆகும், விலையும் கூட. ஆனால் கப்பலால் வாழ்ந்த ஊருக்குக் கடல் வழியாகப் போய் இறங்குவது தனி சுகம், போகும்போது படகு, வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஏழு முகட்டு வீட்டுக்கு எதிரே மிட்டாய்க் கடை ஒன்று உண்டு, 1806-லிருந்து வரும் வியாபாரம், பெயரில் 'பெப்பர்' என்று இருக்கும். மிளகுக் கப்பல் கதை கேட்டுவிட்டு வந்த அப்பா, மிளகு மிட்டாய் கொடுங்கள் என்றார். பெப்பர் என்பது பின்னாளில் அந்தத் தொழிலை வாங்கியவரின் பெயராம், மிளகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலுமிச்சை வாசத்தில் ஜிப்ரால்டர் என்று ஒரு வெள்ளை மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். பாஸ்டன் வந்தும் கரையவில்லை.