பழைய கீபோர்டை லேப்டாப்பில் சேர்க்க எந்த வழி? மலிவு கேபிள், யூஎம்-ஒன், ஆடியோ இன்டர்ஃபேஸ்

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு சர்ச்சில் 90-களின் யமஹா பிஎஸ்ஆர் அல்லது ரோலண்ட் எக்ஸ்பி கீபோர்டு இருக்கிறது என்று வையுங்கள். லேப்டாப்பில் சேர்த்ததும் ஒரு நோட்டும் போகவில்லை. உடனே "கீபோர்டு போச்சு" என்று ஓரங்கட்டிவிடாதீர்கள். அநேகமாகக் கோளாறு நடுவில் இருக்கும் கேபிளில்தான்.

காசு போடுவதற்கு முன் இரண்டு சோதனை. யமஹாவின் பின்பக்கம் 'ஹோஸ்ட் செலக்ட்' ஸ்விட்ச் இருந்தால் அது 'மிடி'யில் (எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற தகவலை அனுப்பும் முறை; ஒலியை அல்ல) இருக்க வேண்டும். பிசி-1, பிசி-2 பக்கம் தள்ளியிருந்தால் ஐந்து பின் கொண்ட வட்ட மிடி துளைகள் வேலை செய்யாது. அடுத்து மல்டிமீட்டர். கீபோர்டை ஆன் செய்து, மிடி அவுட் துளையில் நடுப் பின்னுக்கும் (2) நான்காம் பின்னுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் துளையின் சால்டர் விட்டிருக்கலாம், இல்லை உள்ளே 220 ஓம் ரெசிஸ்டர் போயிருக்கலாம். இரண்டுமே சின்ன ரிப்பேர்.

இனி கேபிள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி-மிடி கேபிளை வாசிப்பதற்கு மட்டும் என்றால் வாங்கலாம். 'இன்' என்று எழுதிய பிளக் கீபோர்டின் 'அவுட்' துளைக்குப் போக வேண்டும். சில கேபிள்களில் எழுத்தையே மாற்றி அச்சடித்திருப்பார்கள்; வேலை செய்யாவிட்டால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், எதுவும் எரியாது. சிக்கல் உள்ளே இருக்கிறது. மிடி விதிமுறை வாங்கும் முனையில் ஆப்டோ-ஐசொலேட்டர் (மின் தொடர்பு இல்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் பாகம்) கேட்கிறது, பல மலிவு கேபிள்களில் அதை விட்டுவிடுகிறார்கள். சிஎச்345 சிப் போட்டவற்றில் சிஸ்எக்ஸ் (கீபோர்டு தன் டோன்களையும் செட்டிங்குகளையும் அனுப்பும் தகவல்) சிதைந்துதான் வந்து சேரும். எக்ஸ்பி-80-ல் பல வருடமாகச் சேர்த்த டோன்களை, ஃபிளாப்பி வீணாகும் முன் லேப்டாப்பில் எடுத்து வைக்க நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு. டம்ப் (மொத்தமாக அனுப்புவது) முடிந்ததாகக் காட்டும், திருப்பி ஏற்றும்போதுதான் குட்டு உடையும்.

அந்த வேலைக்கு ரோலண்ட் யூஎம்-ஒன் எம்கே2 போன்ற யூஎஸ்பி-மிடி அடாப்டரைத்தான் சொல்வேன். விலை சில ஆயிரம், ஆனால் சிஸ்எக்ஸ் முழுதாக வரும். அதில் சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு: 'காம்ப்' நிலையில் ரோலண்டின் டிரைவர் வேண்டும், 'டேப்' நிலையில் டிரைவரே வேண்டாம். லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் யூஎஸ்பியைக் கழற்றி, 'டேப்' பக்கம் தள்ளி, மறுபடி செருகுங்கள். உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள். அவசரத்துக்கு மலிவு கேபிள் வாங்கினால் செலவு இரண்டாகும்.

மூன்றாவது வழி, மிடி துளை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கும் பதிவு செய்பவருக்குத்தான் இது லாபம். வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள்: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வில் மிடி துளை கிடையாது, 4ஐ4-ல் உண்டு. பெரிங்கர் யூஎம்சி202எச்டி-யில் இல்லை, 204எச்டி-யில் உண்டு. இதன் உண்மையான பலன் தாமதம் குறைவதுதான். விரல் வைத்துக் கால் நொடி கழித்துச் சத்தம் வந்தால் குற்றம் மிடியுடையது அல்ல. மிடியில் நொடிக்கு 31,250 பிட் ஓடுகிறது. மூன்று பைட் கொண்ட ஒரு நோட் போய்ச்சேர சுமார் 1 மில்லிசெகண்ட். இழுப்பது விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவர். இன்டர்ஃபேஸின் ஏசியோ (தாமதம் குறைந்த ஒலி டிரைவர்) டிரைவரில் பஃபரை (ஒலி சேர்ந்து காத்திருக்கும் இடம்) 256 சாம்பிளாக வைத்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் அந்த பஃபருக்கு ஆவது 6 மில்லிசெகண்டுக்கும் குறைவு.

கீபோர்டிலேயே யூஎஸ்பி துளை இருந்தால் வேலை சுலபம், ஒரு பிரிண்டர் கேபிள் போதும். ஆனால் கீபோர்டும் லேப்டாப்பும் ஒரே மிக்ஸருக்குப் போகும்போது யூஎஸ்பி வழியாக கிரவுண்ட் சேர்ந்து 'ஹம்' என்ற உறுமல் கிளம்பலாம். ஐந்து பின் வழியில், அடாப்டரில் ஆப்டோ-ஐசொலேட்டர் இருந்தால், அது அந்தத் தொடர்பை அறுத்துவிடும்; மேடைக்கு நான் பழைய வழியைத்தான் தேர்வேன். யூஎஸ்பி-தான் என்றால் லேப்டாப்பின் ஒலியை கிரவுண்ட் லிஃப்ட் (கிரவுண்ட் தொடர்பை அறுக்கும் ஸ்விட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் (ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு அனுப்புங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள், ஷாக் அடித்தால் ஆள் போய்விடுவார்.

எதை வாங்கினாலும் வரும் மிடி தகவலைத் திரையில் காட்டும் மிடி-ஆக்ஸ் என்ற விண்டோஸ் நிரலைப் போட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு போர்ட்டை ஒரு நிரல்தான் பிடிக்க முடியும், அதனால் மற்ற இசை மென்பொருளை மூடிவிட்டுத் திறக்க வேண்டும். ஒரே நோட் இரட்டையாகக் கேட்டால் கீபோர்டில் 'லோக்கல்' (கட்டையை அழுத்தினால் கீபோர்டின் சொந்த ஒலி வரும் இணைப்பு) ஆஃப் செய்யுங்கள். மெதுவாகத் தொட்டாலும் ஒரு கட்டை மட்டும் 127 (அதிகபட்ச அழுத்தம்) காட்டுகிறதா, அல்லது ஊமையா? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு ரப்பர் கான்டாக்ட் உண்டு. இரண்டும் தொடும் இடைவெளியை வைத்துத்தான் அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. அங்கே தூசி ஏறியிருக்கிறது. எந்த அடாப்டரும் இதைச் சரிசெய்யாது. ரப்பர் பட்டையைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சால் கருப்புப் பொட்டுகளையும் போர்டையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், ரப்பர் வளைந்துவிடும்.