கலோரியை எண்ணுவதா, பாக்கெட்டை ஒதுக்குவதா?

வேகவைத்த உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 87 கலோரி. அதே கிழங்கு சிப்ஸ் ஆகிவிட்டால் 100 கிராமுக்கு 530 கலோரியைத் தாண்டும். பேசிக்கொண்டே 50 கிராம் சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்தக் கலோரியைக் கிழங்காகவே உள்ளே தள்ள வேண்டுமென்றால் சுமார் 300 கிராம் சாப்பிட வேண்டும். உட்கார்ந்து, தோலை உரித்து, மென்று விழுங்க வேண்டும். பாதியிலேயே போதும் என்று தோன்றிவிடும்.

எடை குறைக்க நினைக்கும் பெரியவர்களுக்கு இன்று கிடைக்கும் இரண்டு முக்கிய யோசனைகளும் இந்த ஒரு கிழங்கிலேயே மோதுகின்றன. ஒரு தரப்பு, ‘எதைச் சாப்பிட்டாலும் சரி, மொத்தக் கலோரி குறைய வேண்டும்’ என்கிறது. இன்னொரு தரப்பு, ‘கணக்கை விடுங்கள், அல்ட்ரா பிராசஸ்டு உணவை, அதாவது ஆலையில் பல சேர்ப்புப் பொருள்களோடு தயாராகும் பாக்கெட் உணவை நிறுத்துங்கள், மற்றது தானாக நடக்கும்’ என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உடல் பருமனோடு வாழ்ந்த பெரியவர்கள் 89 கோடி பேர். தவறான யோசனையைப் பிடித்துக்கொண்டு தோற்றுப்போய், ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று தன்னையே நொந்துகொள்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கலோரிக் கணக்கு. இதன் அடிப்படையில் எந்தத் தவறும் இல்லை. செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால் எடை குறையும். 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எடை கூடிய 811 பேருக்கு நான்கு விதமான உணவுத் திட்டங்கள் கொடுத்தார்கள். கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விகிதத்தில் இருந்தன. இரண்டு ஆண்டு முடிவில் நான்கு குழுவிலும் எடை குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். கலோரி குறைந்தது, எடையும் குறைந்தது.

சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது’ என்று சொன்ன சிலரை 1992-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. அவர்களைப் பொய்யர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நின்றபடி வாயில் போட்ட ஒரு பிஸ்கட், தேநீரோடு போன சர்க்கரை, மீந்துவிட்டதே என்று முடித்த ஒரு கரண்டி, இதெல்லாம் நினைவில் தங்குவதே இல்லை. அப்புறம், பசியோடு ஆண்டுக்கணக்கில் கணக்குப் போடுவது யாருக்கும் சுலபமில்லை.

இப்போது அடுத்த தரப்பு. பதப்படுத்துதல் என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. மாவு அரைப்பதும் பதப்படுத்துதல்தான், காயை உறைய வைப்பதும் அதுதான். பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ 2009-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த ‘நோவா’ முறை, உணவை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. நான்காவது வகுப்புதான் அல்ட்ரா பிராசஸ்டு. அடையாளம் காண பாக்கெட்டின் பின்புறம் போதும். சாதாரணத் தயிர் டப்பாவில் பால், உறை ஊற்றும் நுண்ணுயிர் என்று இரண்டே பொருள்கள் இருக்கும். பழச்சுவைத் தயிர் கப்பைத் திருப்பினால் சர்க்கரை, மாற்றியமைத்த ஸ்டார்ச், சுவையூட்டி, நிறமூட்டி என்று பட்டியல் நீளும். வீட்டுச் சமையலறையில் பார்க்கவே முடியாத பொருள்கள் வர ஆரம்பித்தால் அது நான்காம் வகுப்பு.

இந்தத் தரப்பின் வலுவான சான்று 2019-இல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்டு உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஈடாக இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். பாக்கெட் உணவு நாட்களில் ஒருவர் தினமும் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் அதே அளவு இறங்கியது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம் வேறு. எது ருசி என்று கேட்டபோது, இரண்டு உணவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல்தான் மதிப்பெண் போட்டார்கள். ருசிக்கு மயங்கித்தான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பாக்கெட் உணவை வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்மையாக இருப்பது சட்டென்று உள்ளே போய்விடுகிறது. நீர் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு வாயிலும் கலோரி அடர்த்தி கூடுகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. மன உறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தத் தரப்பும் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. 20 பேர், நான்கு வாரம் என்பது சிறிய ஆய்வு. 2025-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழுவினர் 55 பேரை வைத்து, ஒவ்வொரு உணவும் எட்டு வாரம் என்று நடத்திப் பார்த்தார்கள். இம்முறை பாக்கெட் உணவும் அரசின் ஊட்டச்சத்து வழிகாட்டுதலுக்குள் வருமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. பதப்படுத்தாத உணவில் எடை சுமார் 2 சதவீதம் குறைந்தது. பாக்கெட் உணவிலும் 1 சதவீதம் குறைந்தது! ஆக, பதப்படுத்தியதா என்பதும் முக்கியம், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம்.

நோவாவின் பலவீனமும் இங்கேதான். முழுதானிய பாக்கெட் ரொட்டியும் குளிர்பானமும் ஒரே வகுப்பில் வந்து உட்காருகின்றன. கிழங்கு, எண்ணெய், உப்பு மூன்றை மட்டும் சேர்த்துச் செய்த சிப்ஸை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. எந்த வகுப்பில் வைத்தாலும் அதன் கலோரி அடர்த்தி மாறப்போவதில்லை. நேரமும் ஒரு பெரிய விஷயம். இரவு வேலை முடித்து வருகிறவரிடம், ‘எல்லாவற்றையும் நீங்களே சமையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஹாலின் ஆய்வுக்கு வாங்கிய பொருள்களிலேயே, பதப்படுத்தாத உணவுக்குத்தான் செலவு கூடுதலாக ஆனது.

‘டயட்’, ‘சுகர் ஃப்ரீ’ என்று அட்டை மாறி வருபவை மூன்றாவது யோசனை. எடைக் கட்டுப்பாட்டுக்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. இதற்குமேல் அதில் நான் நேரம் செலவிட மாட்டேன்.

நாடுகளும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. பிரேசிலின் 2014 உணவு வழிகாட்டி, அல்ட்ரா பிராசஸ்டு உணவைத் தவிருங்கள் என்று நேராகவே சொல்கிறது. சிலி 2016-இல் பாக்கெட்டின் முன்புறம் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. கலோரி, சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவுதான் அங்கே கணக்கு.

என் தேர்வு இரண்டாவது தரப்பு, ஒரு திருத்தத்தோடு. எல்லா பாக்கெட்டையும் ஒரே நாளில் ஒதுக்கத் தேவையில்லை. குளிர்பானத்தில் தொடங்குங்கள். 330 மில்லி டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் அது உள்ளே போகிறது. அடுத்தது வேலைக்கு நடுவே, மேசையில் பிரித்தபடியே கிடக்கும் சிப்ஸும் பிஸ்கட்டும். முழுதானிய ரொட்டி கடைசி வரிசையில் இருக்கட்டும், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். கலோரி நோட்டை இரண்டு வாரம் மட்டும் எழுதுங்கள். எந்த நேரத்தில், எந்தப் பாக்கெட்டில் கை போகிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு போதும்.