விண்கலத்துக்குள் ஒரு கேள்வித்தாள்: மூன்று வருட ட்வைன் அனுபவம்

எங்கள் வான்நோக்கும் குழுவில் வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்போம். சாதாரண ஆன்லைன் படிவம் அனுப்பினால் பாதிப் பேர் திறந்து பார்ப்பதோடு சரி. மீதிப் பேரும் 'வேறு ஏதேனும் கருத்து' பெட்டியில் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்போதுதான் கேள்வித்தாளையே ஒரு கதையாக்கிவிடும் அந்த விபரீத ஆசை எனக்கு வந்தது. செவ்வாய்க்குப் போகும் ஒரு கலம். பதில் சொல்பவர் அதன் மாலுமி. கேள்வி கேட்பது கலத்தின் கணினி.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட கருவி ட்வைன் (Twine). வாசகர் தேர்ந்தெடுக்கும் வழியில் நகரும் கதைகளை எழுத உதவுவது. கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்டது, இலவசம், திறமூலம். கதையைத் துண்டு துண்டாக எழுதி, அடுத்த துண்டின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் இணைப்பு தயார். கடைசியில் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு கையில் கிடைக்கும். ட்வைனில் கதையை இயக்கும் வடிவங்கள் சில உண்டு. முதலில் ஹார்லோ என்ற வடிவத்தில் எழுதினேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வேலை கூடியதும் சுகர்கியூப் என்ற வடிவத்துக்கு மாறினேன். மாறுவது என்றால் மேக்ரோ எனப்படும் கட்டளைகள் முழுவதையும் திரும்ப எழுதுவது. எது வேண்டும் என்பதை முதல் நாளே முடிவுசெய்வது நல்லது.

பிரவுசரில் வைத்து எழுதினால் கதை அந்தப் பிரவுசரின் சேமிப்பிலேயே இருக்கும். நான் பாட்டுக்கு ஒருநாள் பிரவுசரைச் சுத்தம் செய்தேன். கலமும் சேர்ந்து போய்விட்டது. அதிலிருந்து கணினியில் நிறுவும் பதிப்புதான். ட்வைன் பதில்களைத் தானாகச் சேகரிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுளின் நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதி, பதில்கள் ஒரு கூகுள் ஷீட்டில் வந்து விழும்படி செய்தேன்.

அப்புறம் தட்டச்சு விளைவு. கணினி பேசும்போது எழுத்து ஒவ்வொன்றாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட நிரலை அப்படியே எடுத்துப் போட்டதும் தமிழ் நடுங்கியது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறைக்கு ஐந்து குறி. 'கொ' வரவேண்டிய இடத்தில் முதலில் 'க' வந்து நிற்கும், பிறகு ஒற்றைக்கொம்பு முன்னால் புகுந்து அதை வலப்பக்கம் தள்ளும். கலத்தின் கணினிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது போல இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் உள்ள Intl.Segmenter என்ற வசதியைப் பயன்படுத்தி எழுத்தெழுத்தாக வெட்டிய பிறகுதான் சரியானது.

பெரிய சொதப்பல் வேறு. செவ்வாயிலிருந்து சமிக்ஞை பூமிக்கு வர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதை நினைவூட்ட, கடைசித் திரையில் 'பூமிக்கு அனுப்பப்படுகிறது' என்று 22 விநாடி காத்திருப்பு வைத்தேன். ஆனால் பதில் உண்மையில் ஷீட்டுக்குப் போவதும் அந்த 22 விநாடி முடிந்த பிறகுதான்! பலர் ஐந்தாவது விநாடியிலேயே மூடிவிட்டார்கள். இப்போது பொத்தானைத் தட்டியதும் பதில் போய்விடும். நாடகம் அதற்கப்புறம்.

இதெல்லாம் சரிசெய்துவிடக்கூடிய பிழைகள். என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. 'நள்ளிரவு தாண்டி விழித்திருந்து வானம் பார்க்கத் தயாரா, மாலுமியே?' என்று கேட்டிருந்தேன். ஏறக்குறைய எல்லோருமே 'எப்போதும் தயார்'. அதை நம்பி டிசம்பர் 14 அதிகாலை ஜெமினிட் எரிகல் பொழிவுக்கு ஏற்பாடு செய்தோம். வந்தது நான்கு பேர், என்னையும் சேர்த்து. பதில் சொன்னது அவர்கள் இல்லை, நான் உருவாக்கிய மாலுமி. விண்வெளி உடை மாட்டிவிட்டவரிடம் 'தூக்கம் வருமா' என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்?

அடுத்த வருடம் கேள்விகளை இடம் மாற்றினேன். கலத்தில் ஏறும் முன், வெறும் வெள்ளைத் திரையில், 'கடந்த வருடம் எத்தனை இரவு வந்தீர்கள், எத்தனை மணிவரை இருந்தீர்கள்' என்று கேட்டேன். விருப்பத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டேன். எண்கள் குறைந்தன, ஆனால் அதை வைத்துத் திட்டம் போட முடிந்தது.

கலத்தைக் கைவிடவில்லை. உள்ளே இப்போது இருப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பயணக் குறிப்பேடு. 'இன்று சன்னலில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை?' முன்பு 'இல்லை' என்று எழுதிய அதே ஆட்கள் அங்கே பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். போன முறை ஒருவர், தெருவில் புது எல்.இ.டி. விளக்கு போட்டதிலிருந்து ஆறுமீன் எனப்படும் கார்த்திகை விண்மீன் கூட்டமே கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை, மொட்டை மாடிக்கு ஏறுவதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த சந்திப்பை ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்கு மாற்றினோம்.