இளவயதில் மூட்டு மாற்றுகிறவர்கள் மூட்டுப் பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கர்களைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்

"இனி சாகும்வரை கவலையில்லை" என்று சொல்லித்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஒரு 33 வயதுக்காரருக்கு இடுப்பு மூட்டை மாற்றியது. ஹட்டன் பக்கத் தோட்டத்தில் மலையேறி மருந்தடிக்கிறவர். நகையை அடகு வைத்துக் கட்டிய காசு. டயக்னோசிஸ் காட்டில் "இடது இடுப்பு மூட்டு மாற்று" என்று ஒரே வரி. தையல் வெட்டிய பிறகு வருவதற்குத் திகதி போடவில்லை. லயத்தில் குந்துகிற கக்கூசுதானே என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஆரம்ப மாதங்களில் ஆழமாகக் குந்தினால் மூட்டு கழன்றுவிடலாம். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கிற உயரத்தில் கொமட் கதிரை வேண்டும்.

ஒன்பதாம் வருடம் கவட்டில் வலி. எக்ஸ்ரேயில், இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தைச் சுற்றி எலும்பு அரித்துப்போயிருந்தது. கிண்ணத்துக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகும். அந்தத் தூளை அழிக்கப் போகிற உடம்பு பக்கத்து எலும்பையும் கரைத்துவிடும். இது வருடக்கணக்காக வலியே இல்லாமல் நடக்கும்.

தேய்ந்தது பிளாஸ்டிக் உள்கிண்ணம் மட்டும் என்றால் அதையும் அதற்குள் சுழலும் குண்டையும் மாற்றினாலே போதும். ஆனால் உள்கிண்ணம் பூட்டுகிற விதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் நுனியில் குண்டு உட்காரும் கூம்பும் வேறு. குண்டின் அளவும், 28, 32, 36 மில்லிமீற்றரில் எதுவோ, சரியாகப் பொருந்த வேண்டும். இவருக்கு என்ன மூட்டு போட்டது என்று எந்தத் தாளிலும் இல்லை. அதனால் எலும்போடு நன்றாக ஒட்டியிருந்த தண்டையும் தொடை எலும்பைப் பிளந்து எடுக்க வேண்டி வந்தது. சின்ன வேலை பெரிய ஒப்பரேஷன் ஆனது ஒரு ஸ்டிக்கர் இல்லாததால்.

ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் கம்பெனிப் பெயர், ரெஃப் இலக்கம் (எந்த மொடல் என்பது), லொட் இலக்கம் (எந்தத் தொகுதியில் செய்தது என்பது), அளவு எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் பல இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரிப் பதிவுக்கு. இன்னொன்றைக் கேட்டால் தரலாம். இடுப்புக்குக் கிண்ணம், உள்கிண்ணம், குண்டு, தண்டு. முழங்காலுக்குத் தொடைப்பாகம், கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் கால்தட்டு, நடுவில் வரும் பிளாஸ்டிக். கிளினிக் கொப்பியில் ஒட்டி, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

"சாகும்வரை" என்ற பேச்சு ஏன் தவறு? 2017இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வந்த பிரித்தானிய ஆய்வில், 70 வயதுக்கு மேல் மாற்றியவர்களில் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் மறு ஒப்பரேஷன் தேவைப்படும் என்று கணித்தார்கள். 50களின் ஆரம்பத்தில் மாற்றிய ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை. முப்பதுகளில் மாற்றி, சரிவில் வேலை செய்கிறவர் இதை மனதில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டீரொய்ட் மருந்து, குடி போன்றவற்றால் தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போவது நின்றிருந்தால், எக்ஸ்ரேயில் தெரியுமுன்னே எம்.ஆர்.ஐ.யில் தெரியும். தலை நொறுங்காத கட்டத்தில் துளை போட்டு அழுத்தம் குறைக்கிற வழி உண்டு. மாற்றுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

மாற்றியாகிவிட்டதா? வலி இல்லாவிட்டாலும் முதலாம், ஏழாம் வருடங்களிலும், பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எக்ஸ்ரே எடுங்கள். தனியாரில் செய்திருந்தாலும் கடிதம் வாங்கி அரச ஆஸ்பத்திரி எலும்பு கிளினிக்கில் காட்டலாம். பழைய படங்களை எறியாதீர்கள். ஒப்பிட்டால்தான் அரிப்பு தெரியும்.

காயத்தில் நீர் கசிந்தாலோ, மூட்டு சிவந்து சுட்டாலோ, பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்க வேண்டாம். மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்குமுன் மாத்திரை போட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கொப்பியையும் எடுத்துக்கொண்டு.